காலைதோறும் கலைந்துபோன டூல்பார்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குப் போன காலையில், நான் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த டூல்பார் கம்ப்யூட்டரிலிருந்து காணாமல் போயிருந்தது. நான் கத்திய கத்தலைக் கேட்டு, யாருக்கோ விரல் போய்விட்டது என்று நினைத்து, கட்டிங் மெஷின்காரர் பஞ்சும் மருந்துமாக ஓடி வந்தார்.

"எங்கே வெட்டுப்பட்டுச்சு?"

"வெட்டெல்லாம் இல்லைங்க. டூல்பார் போச்சு."

அவர் என் பத்து விரலையும் ஒருமுறை பார்த்தார். எல்லாம் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். பஞ்சை மறுபடியும் டப்பாவில் திணித்துக்கொண்டே போனார்.

நான் வேலை பார்ப்பது மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், ஊதுபத்தி டப்பாக்கள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில். நீங்கள் பத்தியை உருவிக்கொண்டு தூக்கி எறிகிறீர்களே அட்டைப் பெட்டி, அதில் மல்லிகைச் சரமும் சந்தனக்கட்டையும் வழிய வழிய ஒரு படம் இருக்குமே, அந்த மாதிரிப் படங்களைப் போடுகிறவன் நான். படம் போடுகிற மென்பொருளில் பேனா, கத்தரி, வண்ணம், எழுத்து என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டிப் பொத்தான் உண்டு. அவை திரையின் நாலு ஓரத்திலும் எறும்பு வரிசைபோல நிற்கும். அந்த வரிசைதான் டூல்பார். பிடிக்காவிட்டால் நம் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். நானும் மாற்றி வைத்திருந்தேன். எனக்கு அது வசதிக்காக இல்லை என்பதுதான் விஷயம்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, பஸ் ஏறும்போது வலப்பக்கம் நின்ற ஒரு அம்மாள்மேல் மோதினேன். சில நாள் கழித்து ஒரு விளக்குக் கம்பத்தின்மேல் மோதினேன். அம்மாள் திட்டினாள். கம்பம் திட்டவில்லை. ஆனால் கம்பத்தின்மேல் மோதியதுதான் என்னைக் கவலைப்பட வைத்தது, ஏனென்றால் அது நகரவே இல்லை, எனக்கு முன்னால் வெகுநேரமாக அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்துக்குள் தலையை விடச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே ஒளிப்புள்ளி வரும், தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஃபெயில் ஆகிவிடக் கூடாதே என்று வராத புள்ளிக்கெல்லாம் டொக் டொக்கென்று அமுக்கித் தள்ளினேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சும்மாவே அமுக்கியிருக்கீங்க, மெஷின் அதையும் எழுதிடும்" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பியடித்து மாட்டியதில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, பக்கப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பார்வை போன இடத்தில் கறுப்பாக ஏதாவது தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. அங்கே இடம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. வலது பக்கத்தில் எனக்கு உலகம் முடிகிறது, ஆனால் எங்கே முடிகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

இதை வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். பிரஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய டிசைனருக்கே வெளியில் வேலை கிடைக்காது. இதில் கண்ணும் போன டிசைனர் என்றால், சுதி கேட்காத நாதஸ்வரக்காரனை யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள்? எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அவசர வேலை" என்று சாவி வாங்கிப்போய், திரையின் நாலு ஓரத்திலும் கிடந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து வந்து, நடுவிலிருந்து கொஞ்சம் இடதுபக்கமாக, என் பார்வை விழுகிற இடத்தில், ஒரே கட்டாக அடுக்கினேன். ஒவ்வொன்றையும் கைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக்கினேன். அதற்கப்புறம் ஓரங்கள் எனக்குத் தேவையே படவில்லை. யாருக்கும் சந்தேகமும் வரவில்லை.

பக்கத்து மேஜையில் லேபிள் வேலை பார்க்கும் பெண் மட்டும் ஒருமுறை கேட்டாள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சில் பாதிக்குப் பாதி கன்னடம் வரும்.

"அண்ணா, நடு வீட்டுல பீரோ வெச்ச மாதிரி ஏன் இப்பிடி வெச்சிருக்கீங்க? படத்தையே மறைக்குதல்லா?"

"எனக்கு ஓடியாடி வேலை செய்யப் பிடிக்காது. எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்."

"சோம்பேறி அண்ணா நீங்க."

சோம்பேறி என்ற பட்டத்தை அவ்வளவு சந்தோஷமாக யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த அடுக்குதான் ஆயுத பூஜைக்குப் பிறகு காணாமல் போனது. பூஜையை ஒட்டி ஓனர் எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். திரை பெட்ஷீட் அகலம். மென்பொருளும் புதுசு. பூஜைக்கு முன்பே ஒரு முழுநாள் உட்கார்ந்து அதில் என் அடுக்கை மறுபடி கட்டியிருந்தேன். பூஜையன்று பிரிண்டிங் மெஷினுக்குப் பூசணிக்காய், கட்டிங் மெஷினுக்கு எலுமிச்சம்பழம், என் கம்ப்யூட்டருக்குச் சாமந்திப்பூவும் குங்குமமும் என்று எல்லாம் முறைப்படி நடந்தது.

ஒரே ஒரு சிக்கல், என் பிள்ளையார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைப் பிள்ளையார் என்னிடம் உண்டு, உயரத்துக்குச் சம்பந்தமில்லாத கனம். பழைய கம்ப்யூட்டரின் பெட்டி மேஜைமேலேயே இருந்தது, அதன் தலையில் அவர் உட்கார்ந்திருந்தார். புதுப் பெட்டியை மேஜைக்கு அடியில், என் கால் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சாமியைக் கால்மாட்டில் வைக்க முடியுமா? மேஜைமேல் ஒருபக்கம் ஸ்கேனர், ஒருபக்கம் வண்ண அட்டைகள். எனவே காலையில் வந்ததும் கீபோர்டின் மேல்வரிசையில் அவரை உட்கார வைப்பேன். ஒரு பூ. மௌஸால் மென்பொருளைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக் கைகூப்புவேன். அது திறக்க நேரம் எடுக்கும், எனக்கும் வேண்டுவதற்கு நிறைய இருந்தது. நடுவில் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், கண்ணைத் திறக்காமலே எண்டர் தட்டுவேன். கம்ப்யூட்டர் என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது என் நெடுநாள் கொள்கை. வீட்டிலும் அதே கொள்கைதான், பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. எல்லாம் திறந்ததும் பிள்ளையாரை எடுத்து டிராயருக்குள் வைத்துவிட்டு வேலையை ஆரம்பிப்பேன்.

முதல் நாள் போனதை மதியத்துக்குள் மறுபடி அடுக்கினேன். மறுநாள் காலை மறுபடி இல்லை. எல்லாப் பொத்தானும் பழையபடி ஓரத்துக்குப் போய், குட்டிகுட்டியாக, சாம்பல் நிறத்தில், எனக்குத் தெரியாத ஊரில் போய்க் குடியேறியிருந்தன. கத்தரி வேண்டுமென்றால் தலையைத் திருப்பித் திருப்பித் தேட வேண்டும். தலையைத் திருப்பினால் யாராவது கவனிப்பார்கள். அதனால் கழுத்து வலி என்று ஒரு புது வியாதியைக் கற்பனையாக உண்டாக்கிக்கொண்டேன். அதற்கு எல்லோரும் ஒவ்வொரு தைலம் சொன்னார்கள். மேஜைமேல் தைலக் குப்பிகள் சேர்ந்தன, பிள்ளையாருக்கு இன்னும் இடம் குறைந்தது.

"பேர் போட்டு சேவ் பண்ணுங்க அண்ணா" என்றாள் பக்கத்து மேஜைப் பெண்.

போட்டேன். முதலில் 'என் டூல்பார்'. அது போனதும் 'என் டூல்பார் புதுசு'. அப்புறம் 'இதுதான் கடைசி'. அதற்கப்புறம் வைத்த பெயர் வெறும் 'கடவுளே'. சேமித்ததைத் திரும்பக் கொண்டுவந்தால் பொத்தான்கள் வரும், ஆனால் வைத்த இடத்தில் வராது, வைத்த அளவிலும் வராது. கல்யாண வீட்டுச் செருப்புபோல எங்கேயோ கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவதற்குள் ஓனர் என் பின்னால் வந்து நிற்பார்.

"ஏனப்பா, ஆய்தா?"

என்னப்பா, ஆச்சா என்று அவர் கன்னடத்தில் கேட்பார். நல்ல மனுஷர். அவர் கேட்டதும் நான் கழுத்தைத் தடவிக்கொள்வேன். முன்பெல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே ஆகியிருக்கும்.

மென்பொருள் கம்பெனிக்குப் போன் செய்தேன். நெடுநேரம் சங்கீதம் போட்டார்கள். பிறகு பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷில் ஒரு பையன் வந்தான். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்றான். தம்பி, அதனால்தானே போகிறது, ஆஃப் பண்ணாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் உனக்குப் போன் பண்ணுகிறேன் என்று கேட்க நினைத்து, "எஸ் சார்" என்றேன். கடைசியில் அவன் இருந்த இடத்திலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தான். மூடினான், திறந்தான். டூல்பார் அப்படியே இருந்தது. மறுபடி மூடினான், திறந்தான். இருந்தது.

"எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது சார்?"

மறுநாள் காலை நான் திறந்தேன். இல்லை.

அவன் திறந்தால் இருக்கிறது, நான் திறந்தால் போகிறது. அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. பழுது கம்ப்யூட்டரில் இல்லை, என்னிடம்தான் என்று தோன்றிவிட்டது. கண் நரம்பு காய்ந்த மாதிரி மூளை நரம்பும் காய்கிறதோ, அடுக்கியதாக நினைத்துக்கொண்டு அடுக்காமலே வீட்டுக்குப் போகிறேனோ என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். ஒரு சாயங்காலம் அடுக்கி முடித்துத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் ஐ.டி. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தப் படத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு வந்ததைக் கவனித்துவிட்டு, "பேரப்பிள்ளையா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் கொள்கைதான் உங்களுக்குத் தெரியுமே.

ஓனர் ஒரு சர்வீஸ் ஆளை வரவழைத்தார். அவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார். அதே வாரம் ஹனூர்ப் பக்கம் என் வீட்டுக்காரியின் பெரியப்பா காலமானார். போய்விட்டு வந்தோம். எங்கள் வழக்கப்படி தீட்டு கழிகிறவரை விளக்கேற்றக் கூடாது, சாமியைத் தொடக் கூடாது. பிள்ளையார் டிராயருக்குள்ளேயே இருந்தார்.

அந்த நாட்களில் என் டூல்பார் அசையவில்லை. காலையில் திறந்தால், சாயங்காலம் விட்டுப்போன இடத்தில், விட்டுப்போன அளவில். சாவு வீட்டுக்குப் போய் வந்தவன் விசிலடித்துக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று கட்டிங் மெஷின்காரர் முணுமுணுத்தார். நான் சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்து, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினேன். அவர், யாரோ கடன் கேட்கப்போகிறான் என்று பயந்து போனை வைத்துவிட்டார்.

தீட்டு கழிந்தது. நன்றி சொல்ல வேண்டாமா? பிள்ளையாரைப் புளி போட்டுத் தேய்த்து, அருகம்புல்லும் மல்லிகையும் வாங்கிப்போய், கீபோர்டில் உட்கார வைத்து, வழக்கத்தைவிட நீளமாக, மனமுருகிக் கும்பிட்டேன். டிங். எண்டர். கண்ணைத் திறந்தேன்.

ஓரத்தில் எறும்பு வரிசை.

அன்றைக்கு நான் கத்தவில்லை. அதனால் யாரும் ஓடி வரவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடிப்பார்த்தேன். எப்போதும் ஏதாவது கிடைத்துவிடும். அன்றைக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரி அந்த ஞாயிறு என்னை நஞ்சன்கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நஞ்சுண்டேஸ்வரர் வியாதி தீர்க்கிற சாமி. கும்பிட்டுவிட்டுக் கபினி ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்தோம்.

"ஏனுங்க, கண்ணுக்கு நல்லா வேண்டிக்கிட்டீங்களா?"

"கண்ணுக்கா? டூல்பாருக்கு வேண்டிக்கிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். "அட, உங்களை என்னதானுங்க பண்றது! அவ்வளவு பெரிய சாமிகிட்டப் போயி நின்னுக்கிட்டு, கம்ப்யூட்டர்ல ஒரு பொட்டி காணோம்னு சொல்லுவாங்களா யாராச்சும்?"

"கண்ணு திரும்பாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நடக்கிற காரியமாக் கேக்கலாமேன்னு பாத்தேன்."

"கண்ணு இருந்தாத்தானுங்க டூல்பாரு."

"அது இருக்கிறவரைக்கும்தான் எனக்குக் கண்ணு இருக்குன்னு எல்லாரும் நெனச்சிக்கிட்டு இருப்பாங்க."

அவள் சொட்டு மருந்துக் குப்பியைப் பையிலிருந்து எடுத்து, "தலையைத் தூக்குங்க" என்றாள். படித்துறையிலேயே போட்டுவிட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள், ஏதோ புதுப் பிரார்த்தனை என்று பார்த்தார்கள்.

மறுநாள் ஒரு பெரிய வேலை இருந்தது. புது ஊதுபத்தி ஒன்றுக்கு டப்பா. காலையிலேயே வாடிக்கையாளர் வந்து பார்க்கப்போகிறார். படம் முக்கால்வாசி முடிந்திருந்தது, மிச்சத்தை அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும். டூல்பார் இருந்தால் முடித்துவிடலாம். நான் சீக்கிரமே போய், நஞ்சன்கூட்டு விபூதியைப் பிள்ளையாருக்குப் பூசிக் கீபோர்டில் உட்கார வைத்தேன். மென்பொருளைத் திறந்தேன். கண்ணை மூடினேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்றேன். டிங்.

எண்டருக்குப் போன என் கையை யாரோ பிடித்தார்கள். அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்த பக்கத்து மேஜைப் பெண்.

"அண்ணா, நில்லுங்க! என்ன கேக்குதுன்னு படிச்சீங்களா?"

"தினமும் கேக்கிறதுதான்."

"தினமுமா? எல்லாத்தையும் அழிச்சிட்டு கம்பெனி குடுத்த மாதிரியே வெச்சிரட்டான்னு கேக்குது! நீங்க தினமும் ஹௌது ஹௌதுன்னு ஆமா போட்டுட்டிருக்கீங்களா?"

"அது ஏன் என்கிட்ட வந்து அப்படிக் கேக்குது?"

அவள் கீபோர்டைப் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். அடக்க முடியாத சிரிப்பு. விரலால் காட்டினாள். பிறகு ஒருவழியாக, "எஃப் எட்டு" என்றாள். "அந்த பட்டனை அமுக்கிட்டே திறந்தா அழிக்கட்டான்னு கேக்கும் அண்ணா. கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க. பிள்ளையாரு அது மேல உக்காந்திருக்காரு!"

உட்கார்ந்திருந்தார். சம்மணம் போட்டு, கனமாக.

சத்தம் கேட்டுக் கட்டிங் மெஷின்காரர் வந்தார், இந்த முறை பஞ்சு இல்லாமல். ஓனரும் வந்தார். அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் உரக்கச் சிரித்தேன். டூல்பார் போகக் கூடாது என்று வேண்டி வேண்டி நானே போக வைத்திருக்கிறேன். தீட்டு நாளில் சாமி தலையிடவில்லை, அதனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. போன் பையன் திறந்தபோதும் பிள்ளையார் டிராயரில்தான் இருந்தார். ஆக, என் மூளை கெடவில்லை! எனக்கு ஆட வேண்டும்போல இருந்தது.

ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எல்லி, தோர்ஸு" என்றார், எங்கே, காட்டு என்று.

"இதோ பாருங்க சார், இவ்ளோ பெருசா எழுதியிருக்கு."

"ஆமா ஆமா," என்றேன் நானும் திரையைப் பார்த்துக்கொண்டே, "நல்லாப் பெருசாத்தான் எழுதியிருக்கான். கண்ணைத் திறந்து பாத்திருந்தா எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

"அண்ணா," என்றாள் அவள். "நீங்க எங்க பாக்கறீங்க?"

அந்தக் கேள்விப் பெட்டி, பெட்ஷீட் அகலத் திரையின் வலது கோடியில் வந்திருக்கிறது. நான் நடுவில், வெறும் இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அவசர அவசரமாகத் தலையைத் திருப்பினேன். திருப்பியது அதிகமாகிவிட்டது, ஸ்கேனர்தான் தெரிந்தது. மறுபடி இந்தப்பக்கம் வந்தேன். கட்டிங் மெஷின்காரரின் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு அவளுடையது. கடைசியாக என்னுடையது, ஏனென்றால் நான் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

"யாவாகிந்த?" என்று கேட்டார் ஓனர். எப்போதிலிருந்து?

வாயில் நாலைந்து வேடிக்கைப் பதில்கள் வந்து நின்றன. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே, நேர் எதிரே, உட்கார்ந்தார். அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது, எங்கே உட்கார்ந்தால் எனக்குத் தெரியும் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், கம்பம், கிண்ணம், கழுத்து வலி. தைலக் குப்பிகளைச் சொன்னபோது மட்டும் லேசாகச் சிரித்தார்.

"சொல்லியிருக்கலாமே அப்பா" என்றார், அவருடைய உடைந்த தமிழில். அவர் என்னிடம் தமிழ் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த மேஜை இனி எனக்கில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நாலு பேரிடம் திட்டிக்கொண்டாவது திரியலாம். நீ பேசினால் கஸ்டமர் சிரிக்கிறான், முன்னால் உட்கார் என்றார். முன்பக்கக் கவுண்டர், ஒரு டெலிபோன், ஒரு நாற்காலி. சம்பளத்தில் கைவைக்கவில்லை. அன்றைய டப்பா வேலையைப் பக்கத்து மேஜைப் பெண் என் கம்ப்யூட்டரிலேயே முடித்தாள். வாடிக்கையாளர் வந்து பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். மல்லிகை முழுக்க நான் போட்டது. அதைச் சொல்ல அவள் வாயெடுத்தாள், நான் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அவருக்குக் காபி சொன்னேன்.

அடுத்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் மேஜை. அந்த டூல்பார் அதன்பிறகு ஒருநாளும் கலையவில்லை. நான் வைத்த இடத்தில், நகம் நகமாக, கல்லில் வெட்டியதுபோல நின்றது. தினமும் காலையில் கவுண்டருக்குப் போகும் வழியில் ஒரு எட்டு போய்ப் பார்ப்பேன். இருக்கும்.

ஆனால் அவள் படும் பாட்டைக் கவுண்டரிலிருந்தே பார்க்க முடிந்தது, அவள் மேஜை எனக்கு நேராகத்தான் இருக்கிறது. படத்தின் நடுவில் என் பொத்தான்கள் மறைத்துக்கொண்டு நிற்கும். படத்தை இந்தப்பக்கம் தள்ளுவாள், அந்தப்பக்கம் தள்ளுவாள், கழுத்தை வளைத்து எட்டிப்பார்ப்பாள்.

"அதை எடுத்திரும்மா" என்றேன் ஒருநாள்.

"பேடா அண்ணா, இருக்கட்டும். எனக்கு அப்யாசம் ஆய்த்து."

பழக்கம் ஆகவில்லை. அன்று மதியம் ஓனர் அவள் பின்னால் வந்து நின்று, "ஏனம்மா, ஆய்தா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இப்போது என்னிடம் அவர் அப்படிக் கேட்பதில்லை.

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே போனேன். டிராயரைத் திறந்து பிள்ளையாரை எடுத்தேன். இந்த முறை பூ இல்லை. எஃப் எட்டு எது என்று விரலால் எண்ணிப் பார்த்து, அதன்மேல் அவரை நன்றாக நடுவில் உட்கார வைத்தேன். மென்பொருளைத் திறந்தேன். கண்ணை மூடவில்லை. டிங் என்றது. தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பி, தேடி, அந்தப் பெட்டியைப் பிடித்தேன். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். நானும் கம்ப்யூட்டரும் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்தோம், அது என்ன கேட்டது என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

எண்டர்.

பிள்ளையாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தேன். டெலிபோன் பக்கத்தில் வைத்தேன். இங்கே அவருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அய்யோ அண்ணா, டூல்பார் ஹோய்த்து! போச்சு!" என்று அவள் அலறினாள். கட்டிங் மெஷின்காரர் பஞ்சும் மருந்துமாக என்னைத் தாண்டி ஓடினார்.

எனக்குப் போன் வந்திருந்தது. "சொல்லுங்க சார்," என்றேன், "மல்லிகையா, சந்தனமா?"